மாக்டிரில் வளர்த்த பாப்பா

காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் இருக்கிற அத்தனை தொழிற்சாலைகளையும் சேர்த்தே சொல்கிறேன், மாக்டிரில்லைப் போல உயிருக்குப் பயந்த மனிதர் ஒருவர் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர்தான் உலகத்தின் கொடிய விஷச் சிலந்திகளில் ஒன்றை வீட்டில் வைத்து வளர்த்தார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. காக்களூர் எஸ்டேட்டில் நான் ஸ்டோர்ஸ் பார்த்த பம்பு கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் எப்படித் தப்புவது என்று மாதாமாதம் எங்களைப் பொய்யாக ஓடவிட்டுப் பழக்குவார். அதற்கு மாக் டிரில் என்று பெயர். ஓடிக் களைத்தவர்கள் அவருக்கும் அதையே வைத்துவிட்டார்கள். கேன்டீனில் டீ சூடாக இருந்தால் அதற்கொரு எச்சரிக்கைப் பலகை மாட்டுவார். கல்யாணம் ரிஸ்க் என்று அதையும் தவிர்த்துவிட்டார்.

கம்பெனி ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டில் அவருக்கும் எங்களுக்கும் ஒரே வராந்தா. போனில் சிலந்தி வீடியோ பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்த மனிதர், ஒருநாள் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருத்தனிடம் ஒரு டப்பாவை வாங்கிவந்தார். உள்ளே கையகலத்துக்குப் பழுப்பாக ஒன்று காலை விரித்துக்கொண்டு நின்றது. பூர்வீகம் தென்னமெரிக்கா. வலை பின்னி மூலையில் கிடக்கிற ஜாதி இல்லை, அலைந்து திரிந்து வேட்டையாடுவது. அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்துக் கொஞ்சினார்.

என் மனைவி வெடித்துவிட்டாள். "இன்னாண்ணா, வளக்கறதுக்கு நாய் இல்லியா, பூனை இல்லியா? பக்கத்து ஊட்ல சின்னப் புள்ள இருக்குதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"இன்னா தங்கச்சி இப்டி சொல்லிட்ட? ரிஸ்க்கு எங்கதான் இல்ல? கன்ட்ரோல்ல வெச்சிக்கணும், அவ்ளோதான். பாப்பா ஃபுல் கன்ட்ரோல்ல கீது."

கன்ட்ரோல் என்றால் மேஜைமேல் கண்ணாடிப் பெட்டி, இரும்பு மூடி, இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம். மெஷினை ரிப்பேர் செய்யும்போது ஒருத்தர் மட்டும் திறந்துவிடாதபடி பூட்டுவார்களே, அதே முறை. பாப்பாவுக்கு ஒரு கரப்பான் போடவேண்டுமென்றால் நான் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவரவேண்டும். பெட்டியில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று கம்பெனி அட்டை ஒன்றும் தொங்கியது.

"அத்தெல்லாம் சரி. கடிச்சிட்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றாள் என் மனைவி.

மாக்டிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம டிரில் போட்டே காட்றேன். நீ பாத்துக்கினே இரு."

அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் மலையே வந்தாலும் மாற்ற முடியாது. ஞாயிறு காலை, "கடிச்சிட்சு!" என்று கத்திவிட்டுக் கட்டிலில் மல்லாந்தார். நோயாளி நடக்கக்கூடாதாம். நானும் அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த ஷேர் ஆட்டோ டிரைவரும் ஆட்டோ வரைக்கும் கட்டிலோடு தூக்கினோம். திருப்பும்போது கட்டில் கால் மேஜையில் இடித்தது, பின்னால் ஏதோ விழுந்தது. "நிக்காத, டைம் ஓடுது பாரு!" என்று நோயாளியே விரட்டினார்.

திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என்ன கடித்தது என்று கேட்க, கண்ணை மூடியபடியே மாக்டிரில் சிலந்தியின் முழுப் பெயரையும் ஒப்பித்தார். டாக்டரம்மா போனில் தேடினார், யாரிடமோ பேசினார். முகம் மாறியது.

"இதுக்கு மருந்து அந்த ஊர்லதாங்க இருக்கு, நம்மகிட்ட இல்ல. பாம்புக்கடி மருந்து இதுக்குக் கேக்காது. வலிக்கு ஊசி போட்டு, மூச்சு, பிரஷர் பாத்துக்கலாம். பெரியவங்க தாங்கிடுவாங்க. சின்னப் பிள்ளைன்னா என்னால எதுவும் சொல்ல முடியாது. எங்க கடிச்சுது, காட்டுங்க."

மாக்டிரில் எழுந்து உட்கார்ந்தார். "கடிக்கல டாக்டர். டிரில்லு."

அதற்கு டாக்டரம்மா சொன்னதைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

ஆட்டோவில் காக்களூர் திரும்பினோம். இறங்கியதும் மாக்டிரில் சொன்னார். "இதுக்கு கன்ட்ரோலே கெடையாது நைனா. ஃபாரஸ்ட் ஆபீசுக்கு இப்பவே போன் பண்றேன். பாப்பா போய்ட்டும்."

அவர் வீட்டுக்குள் நுழைந்தோம். கட்டில் கால் இடித்த மேஜையிலிருந்து பெட்டி விழுந்து தரையில் கிடந்தது. இரண்டு பூட்டும் பத்திரம், அட்டையும் பத்திரம். கண்ணாடி மட்டும் ஒரு மூலையில் உடைந்திருந்தது. பாப்பாவைக் காணோம்.

யூகேஜி படிக்கிற என் மகள் வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"யாரும் எதையும் தொடாத! அல்லாரும் ரோட்டுக்கு வா!" கம்பெனிக் குரலில் கத்தினார் மாக்டிரில். அதுவரை அவர் டிரில்லில் ஆடி அசைந்து நடந்த ஜனம் அன்றைக்குச் சிட்டாய்ப் பறந்தது. வனத்துறைக்குப் போன் போட்டார்; ஆட்கள் வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். அவரே தேட உள்ளே கிளம்பினார். நானும் கூட வருகிறேன் என்று பின்னாலேயே போனேன். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

"உனுக்குப் புள்ள கீது. நான் கொண்டாந்தத நான்தான் புடிக்கணும். போ அந்தாண்ட."

கம்பூட்ஸ், வெல்டிங் கையுறை, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, கையில் டார்ச்சு, வாயகன்ற ஓர் ஊறுகாய் பாட்டில், பெட்டியில் தொங்கிய அந்த அட்டை. பாயை உதறினார், பானையைக் கவிழ்த்தார். அவர் வீட்டை முடித்து எங்கள் வீட்டுக்குப் போனார். வெயில் ஏறியது. "வந்துருங்க சார், அவங்க வந்து பாத்துப்பாங்க" என்று நான் கெஞ்சியது அவர் காதில் ஏறவே இல்லை. கடைசியாக வராந்தாவில் செருப்பு வைக்கிற இடத்தில் மண்டியிட்டார். ஒவ்வொன்றாக டார்ச்சு அடித்தார். என் மகளின் பள்ளிக்கூட ஷூவில் வெளிச்சம் அப்படியே நின்றது.

முன்னங்கால்களை உயரத் தூக்கிக்கொண்டு அது வெளியே எழுந்தது. என் மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். மாக்டிரில் அசையவில்லை. பாட்டிலை மெல்ல மேலே கவிழ்த்தார், அது உள்ளே ஏறியதும் அடியில் அட்டையைச் செருகினார், நிமிர்த்தி மூடியைத் திருகினார். பிறகுதான் முகமறைப்பைக் கழற்றினார்.

வனத்துறைக்காரர்கள் பாப்பாவை வாங்கிக்கொண்டு அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். விசாரணைக்கும் கூப்பிட்டார்கள். போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் தலையைக் குனிந்து நின்றார். "தங்கச்சி, நான் ஊட்ட காலி பண்ணிக்கினு போய்ட்றேன்."

என் மனைவி அழுதுகொண்டே அவரைத் திட்டித் தீர்த்தாள். ஓய்ந்த பிறகு, "காத்தாலருந்து ஒண்ணும் துன்னல நீங்க. கைய கழுவிக்கினு வாங்க" என்றாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் மாக்டிரில் வாசலில் உட்கார்ந்திருந்தார். மகளின் ஷூவைத் தட்டி, உதறி, உள்ளே டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டு அவள் காலில் மாட்டிவிட்டார். நாங்கள் அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை தினமும் இதே கதைதான். "எனக்கே மாட்டத் தெரியும் மாமா" என்று அவள் காலை உதைப்பாள். "தெரியும்டா கண்ணு, தெரியும்" என்பார், ஷூ லேசைக் கட்டிக்கொண்டே. என் குழந்தையை அந்த மனிதர் அளவுக்குப் பயந்து பயந்து நேசித்தவர் வேறு யாரும் இல்லை.