மூச்சு வாங்காத சின்னக்கருப்பன்

சின்னக்கருப்பனுக்கு இளைப்பு வரவில்லை. லிங்கேஸ்வரனுக்கு அதுதான் கவலை.

விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும் மலையடிவாரக் கிராமம் அது. அங்குள்ள துணை சுகாதார நிலையத்துக்குச் சூரிய ஒளியில் ஓடும் நெபுலைசர் வந்திருந்தது. மூச்சுத் திணறுபவர்களுக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கும் கருவி. கட்சிக்காரர்கள் 'மாவட்டம்' என்றே அழைக்கும் மாவட்டச் செயலாளர் பொத்தானை அமுக்க, முதல் நோயாளியாகச் சின்னக்கருப்பன் மூச்சிழுக்க வேண்டும் என்பது திட்டம். பதினைந்து நாளுக்கு முன்பு அவருடைய இளைப்புச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அதைக் கேட்டுத்தான் லிங்கேஸ்வரன் அவரைத் தேர்ந்தெடுத்தார்.

'முதல்' விஷயத்தில் மாவட்டம் கறார். போன வருடம் தளவாய்புரம் பக்கம் ஒரு நிழற்குடையைத் திறக்க வந்தவர், உள்ளே ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்து முறுக்கு தின்பதைப் பார்த்ததும் காரை அப்படியே ராஜபாளையத்துக்குத் திருப்பிவிட்டார். ஏற்பாடு லிங்கேஸ்வரனுடையது. இன்னொரு முறை பிசகினால் அவருடைய ஒன்றியச் செயலாளர் பதவி போய்விடும்.

ஆகவே, பத்து நாளுக்கு முன்பு கருவி வந்த அன்றே கூரையிலிருந்த சோலார் தகட்டைப் பட்டுத்துணியால் மூடினார். அறையைப் பூட்டினார். "அவிய வந்து திறக்குற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்று நர்ஸ் கனகலட்சுமியிடம் கண்டிப்பாகச் சொல்லி, சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று காலை வந்தபோது பட்டுத்துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தூசி படிந்ததால் அலசிப் போட்டதாகக் கனகலட்சுமி சொன்னார். அந்த அக்கறையைப் பாராட்டி, லிங்கேஸ்வரன் துணியை மறுபடி தகட்டின் மேல் போர்த்தினார்.

"ஏலே சின்னக்கருப்பா, இளைப்பு எங்கலே?"

"நல்லாயிட்டு அண்ணாச்சி."

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

மலைக்கோயில் மேட்டுக்கு ஓடிவிட்டு வரச் சொன்னார். சின்னக்கருப்பன் ஓடினார், வழிதவறிய இரண்டு ஆடுகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி திரும்பினார்.

அடுத்து, மிளகாய் வற்றலை நெருப்பில் போட்டார் லிங்கேஸ்வரன். ஆடு மேய்ப்பவருக்குக் காற்றின் திசை தெரியாதா? சின்னக்கருப்பன் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பந்தல்காரர் தும்மிக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கினார். மேளக்காரர்கள் ஊருணிப் பக்கம் ஓடினார்கள். எல்லாரையும்விட அதிகம் இருமியவர் லிங்கேஸ்வரன்தான். இருமல் இழுப்பானது. மாவட்டத்தின் கார் வந்து நின்றபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்திருந்தார்.

"நம்ம ஆளே நோயாளியா? பிரமாதம்" என்றார் மாவட்டம்.

துணி விலகியது. பொத்தான் அமுங்கியது. கருவி உறுமியது. கனகலட்சுமி முகமூடியை மாட்டிவிட்டு ஆழமாக இழுக்கச் சொன்னார். லிங்கேஸ்வரனுக்கு மெல்ல உயிர் வந்தது. கைதட்டலுக்கு நடுவே மாவட்டம் மைக்கைப் பிடித்தார். இந்த மிஷினில் முதல் மூச்சை இழுத்த பெருமை நம் கட்சிக்காரருக்கே என்று அறிவித்தார். லிங்கேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். பதவி பிழைத்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். சின்னக்கருப்பன். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"அண்ணாச்சி, செத்த சீக்கிரம் எந்திரிங்க. தினமும் பதினொரு மணிக்கு நான்தான். எனக்குப் பொறவு இன்னும் ஆறு பேரு இருக்காவ."