கெட்டுப்போக அனுப்பப்பட்ட இளைஞன்

கிள்ளான் தமிழ் இளைஞர்களைக் காப்பாற்றும் பெரும் பொறுப்பை எங்கள் பண்பாட்டுக் கழகம் ஏற்றுக்கொண்ட அதே வாரத்தில், ‘காதலுக்கு டியூஷன்’ படத்தின் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. கழகத்துக்கு வேலை கிடைத்தது.

“பதினாறு வயசுக் காதல் லா! ஒரு சீன் வருதாம், பார்த்தா சோறு இறங்காதாம்!” என்றான் என் வகுப்பு இராமலிங்கம். படம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் கதை நன்றாகத் தெரிந்திருந்தது.

கழகம் அவசரமாகக் கூடியது. கண்டன பேனர் ஏற்கெனவே எழுதிக் காய்ந்துவிட்டது. படத்தைப் பார்ப்பதுதான் பாக்கி.

“எங்களுக்குக் கெட்டுப் போற வயசு கடந்திட்டுது,” என்றார் தலைவர் விநாயகமூர்த்தி, ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். “ஒரு இளைஞனைக் கூட்டிக்கொண்டு போவம். அவர் கெட்டுப் போறாரோ எண்டு பார்ப்பம்.”

மகளிர் பிரிவு இராஜம்மா ஆன்டி எங்கள் பக்கத்து வீடு. “எங்க பக்கத்துல ஒரு பையன் இருக்கான். பாதி கெட்டவன்.”

“பரவாயில்லை. பாதியைக் கழிச்சுப்போட்டுக் கணக்கெடுப்பம்.”

இப்படியாக நான் ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டேன். எனக்குக் கொள்ளை சந்தோஷம். படம் பார்த்துவிட்டு வந்து ரீசஸில் எல்லாக் குரலிலும் நடித்துக் காட்டுவேன். பள்ளியில் எனக்கிருந்த ஒரே மரியாதை அதுதான். “அந்த சீனை மட்டும் விட்டுட்டு வந்தே, அப்புறம் உன் ஷோவே கிடையாதுடா,” என்று இராமலிங்கம் எச்சரித்திருந்தான்.

தியேட்டரில் தலைவரும் ஆன்டியும் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். முதல் பாட்டு வந்ததும் தலைவர் என் முகத்தில் டார்ச் அடித்தார்.

“தம்பி, கெட்டுப் போனீரோ?”

“இன்னும் இல்ல அங்கிள்.”

“அவசரமில்லை. ஆறுதலாக் கெட்டுப் போம்.”

திரையில் கதாநாயகன் குடையை மறந்தான். பாட்டு. கதாநாயகி குடையைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கும் பாட்டு. அவனுக்குப் பதினாறு என்றார்கள். தாடையைப் பார்த்தால் அவன் மகனுக்குத்தான் பதினாறு இருக்கும். இருவர் கையும் நெருங்கியது. தியேட்டரே குவாச்சி விதை கொறிப்பதை நிறுத்தியது. சென்சார் வெட்டிய இடத்தில் படம் ஒரு குதி குதித்து, கோயில் திருவிழாவில் போய் நின்றது.

இடைவேளைக்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன்.

“கண்ணை மூடிட்டான்! கெட்டுட்டான்!” என்றார் ஆன்டி.

“இல்லை, நித்திரை,” என்றார் தலைவர். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. கூட்டுகிறவர் துடைப்பத்தால் தட்டித்தான் எங்கள் மூவரையும் எழுப்பினார்.

“படம் போர் அடிக்குதுன்னு சொல்லிடலாம் அங்கிள்,” என்றேன் வெளியே.

“பேனருக்கு ஆர் பதில் சொல்லுறது?”

தலைவர் யோசித்தார். பிறகு கழகத்தின் அதிகாரபூர்வ முடிவை அறிவித்தார்: இடைவேளைக்குப் பின் வரும் ஒரு காட்சி சமுதாயத்துக்குப் பேராபத்து. நாங்கள் யாரும் பார்க்காத பகுதி. யாராலும் மறுக்க முடியாது.

மறுநாள் ரீசஸில் இராமலிங்கம் என் சட்டையைப் பிடித்தான். “வந்துச்சா?”

தூங்கினேன் என்று சொல்ல முடியுமா? கதாநாயகன் குரலில் கெஞ்சினேன், கதாநாயகி குரலில் சிணுங்கினேன், அவள் அப்பாவாக இருமினேன், வாயாலேயே மழை பெய்ய வைத்தேன். இராமலிங்கத்தின் தட்டில் மீ கோரேங் ஆறிப்போனது.

அன்று மாலையே ஹவுஸ்ஃபுல். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர்கூட ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லவில்லை. சொன்னால், தான் மட்டும் ஏமாந்த மாதிரி ஆகிவிடாதா?

இராமலிங்கமும் பார்த்துவிட்டு வந்தான். “நீ நடிச்சது கம்மி லா! அந்த மழையில அவ திரும்பிப் பார்த்தாளே, அதை விட்டுட்டியே!”

மழையா? அது என் வாயில் பெய்த மழையாயிற்றே! ஆனால் அவன் சொன்ன விதத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் தூங்கிவிட்டேனே, ஒருவேளை நிஜமாகவே வந்திருக்குமோ?

சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் போய், இருட்டில் தடவி ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து என் முகத்தில் டார்ச் அடித்தது.

“தம்பி, சத்தம் போடாதையும்,” என்றது ஒரு குரல். “அந்தக் காட்சி வந்தால் என்னை எழுப்பிவிடும்.”