தராசு மாப்பிள்ளையும் நான் திருகாத திருகும்

தராசு என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் தங்கை வாயால், டெலிபோனில். தன் மூத்த பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டிருந்தாள். பையனுக்கு என்ன வேலை, எத்தனை அண்ணன் தம்பி, யார் வீட்டுக்கு யார் வழியில் சொந்தம் எல்லாம் ஒப்பித்துவிட்டு, "ஆனா அக்கா, அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. தராசுன்னுதான் கூப்பிடறாங்க" என்றாள்.

"ஏன்டி?"

"சின்ன வயசுல அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பிஸ்கட்டை ஸ்கேல் வெச்சு அளந்து உடைச்சுக் கொடுப்பாராம். அவ்வளவு நியாயமாம்."

"உடைக்கும்போது உதிருற தூள் யாருக்காம்?"

"அது அவருக்குத்தானாம். அளந்த கூலியாம்."

எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வரனைக் கெடுத்தவள் என்ற பேர் எனக்கு எதற்கு?

நடுநிலைக்காரர் என்று ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய் நிற்பார். சண்டையை நிறுத்த அல்ல, தான் நடுவில் நிற்பதை நாலு பேர் பார்க்க. எதைக் கேட்டாலும் "நான் யார் பக்கமும் இல்ல" என்று தொடங்குவார். அப்படித் தொடங்கிய வாக்கியம் முடிவதற்குள் யாரோ ஒருத்தர் பக்கம் போய் உட்கார்ந்து காலும் நீட்டியிருப்பார். என் தங்கை மருமகன் அந்த இனத்தில் முதல் தரம். அவரிடம் எனக்கு ஒரு பகையும் இல்லை. நான் யார் பக்கமும் இல்லை.

பகலில் அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் மேற்பார்வையாளர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நீதிபதி. எதற்கு நீதிபதி என்றால், ஆம்ப்ளிஃபயருக்கு. சுருக்கமாக ஆம்ப் என்பார்கள். போனில் இருக்கிற பாட்டு தானாக ஸ்பீக்கரில் வந்து முழங்காதாம்; நடுவில் ஒரு பெட்டி அதற்குத் தெம்பு கொடுக்க வேண்டுமாம். முன்னெல்லாம் அது ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும். இப்போது டிபன் பாக்ஸ் அளவில், கையைக் கடிக்காத விலையில், ஏகப்பட்ட கம்பெனிகள் செய்கின்றன. எதை வாங்குவது என்று ஜனங்களுக்குக் குழப்பம். அந்தக் குழப்பத்தில்தான் நம் மாப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பெனிக்காரர்கள் பெட்டியை அனுப்புவார்கள். இவர் கேட்டுப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வீடியோ விடுவார். அதைப் பார்க்கப் பல்லாயிரம் பேர்.

வீடியோ எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "எனக்கு யாரும் ஒரு பைசா தரல. என் காது விலைக்கு இல்ல." பிறகு சோதனை. சோதனை என்றால் லேசுப்பட்டதா? மின்விசிறியை நிறுத்த வேண்டும், இரைகிறது. ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும், உறுமுகிறது. கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்து அறையில் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். குழாயில் சொட்டு விழாமல் துணி சுற்ற வேண்டும். என் தங்கை மகளை அவர் பார்க்கிற பார்வையிலேயே தெரியும், அவள் மூச்சு விடுவதையும் ஒரு பத்து நிமிஷம் தள்ளிப்போட்டால் நல்லது என்று. வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வீட்டில் பால் திரியும். ஆனால் நியாயம் திரியக் கூடாது, பாருங்கள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரே பாட்டு, அதில் ஒரே அரை நிமிஷம், நாற்பது தடவை. கேட்டுவிட்டு அவர் சொல்கிறதெல்லாம் காதால் கேட்டதுதானா என்று எனக்குச் சந்தேகம். "வயலின்காரர் இடது பக்கம் நாலடி தள்ளி உக்காந்திருக்கார்." "குரல்ல வெல்வெட் இருக்கு." "இதுல இருட்டு நல்லா கறுப்பா இருக்கு." ஒருநாள், "பாடறவங்க இப்பதான் தண்ணி குடிச்சிருக்காங்க" என்றார். நான் கேட்டேன்: "வெந்நீரா பச்சத்தண்ணியா மாப்பிள்ளை?" சிரிக்கவில்லை. "அதுக்கு இதைவிட நல்ல ஆம்ப் வேணும் பெரியம்மா" என்றார்.

திட்டின பெட்டியை அன்றைக்கே கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். "அடுத்தவன் பொருள் நம்ம வீட்டுல ஒரு ராத்திரி கூடத் தங்கக் கூடாது." புகழ்ந்த பெட்டி போகாது. அதற்கு நீண்டகாலச் சோதனை என்று பேர். ஃபிரிட்ஜ் மேல் மூன்று, கட்டிலுக்கு அடியில் ஆறு, துணி அலமாரியில் என் தங்கை மகளின் புடவைகள் இருக்க வேண்டிய தட்டில் ஐந்து, எல்லாம் ஆண்டுக்கணக்கில் சோதனையில் இருந்தன. பிஸ்கட் தூள்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் ஒரு மாதம் அந்த வீட்டில்தான் தங்கினேன். அந்த மாதம்தான் என் அண்ணன் மகனுடைய பெட்டி வந்தது.

எங்கள் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் லாரி ஆபீஸ், கடைசிப் பெண் நர்ஸ். நடுவிலவன்தான் சின்ன வயசிலிருந்து திருப்புளியும் கையுமாக இருந்தவன். டிவி பழுது பார்க்கிற இடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். ஒருநாள் முதலாளியோடு வாக்குவாதமாகி வெளியே வந்து, சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை பிடித்து, அவனும் அவன் பெண்டாட்டியுமாகச் சின்ன ஆம்ப் செய்யத் தொடங்கினான். கிளம்பும்போது முதலாளி சொன்னாராம்: "உன் ஸ்டூலை யாருக்கும் தர மாட்டேன். ஆறு மாசத்துல வந்து உக்காருவ." அந்த ஆறு மாசம் முடிய இன்னும் மூன்று வாரம். ஸ்பீக்கர் விற்கிற பெரிய கடைக்காரர் ஒருத்தர் மட்டும், "தராசு வீடியோல எட்டு மார்க் வரட்டும், நூறு பெட்டி எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். எட்டு வந்தால் மாடி அறை. வராவிட்டால் அந்த ஸ்டூல்.

எனக்குத் தினமும் போன். "அத்தை, தராசு கேட்டுட்டாரா?"

"இன்னும் இல்லடா."

"முகத்தைப் பாத்தா என்ன தெரியுது?"

"அவர் முகத்துல என்னடா தெரியும்? நடுநிலைதான் தெரியுது."

சோதனை நாள் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியோடு போட்டி. மாப்பிள்ளை ஒரு புது முறை வைத்திருந்தார். கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டு பெட்டியும். நடுவில் ஒரு திருகு. இடது பக்கம் திருகினால் ஒன்று பாடும், வலது பக்கம் திருகினால் மற்றது. எது எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரியாது. என் தங்கை மகள்தான் ஒயரை மாட்டி, எழுதி மடித்து வைத்திருந்தாள். அவளே போனில் படமும் பிடிப்பாள். ஆகவே திருக ஒரு ஆள் வேண்டும்.

"பெரியம்மா திருகட்டும்" என்றார்.

"ஏங்க, அந்தப் பெட்டியைச் செஞ்சவன் இவங்க சொந்த அண்ணன் மகன்!"

"இருக்கட்டுமே. ஒரு கண்ணுல கட்டு, காது பாதி, ஆம்ப்னா எதுன்னும் தெரியாது. இவங்களைவிட நடுநிலையான ஆள் எங்க கிடைப்பாங்க?"

ஆகப் போர்வைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, கடிகாரம் தலையணைக்கு அடியில் போனது. திருகு இடது பக்கம் இருந்தது. அங்கேதான் எங்கள் பையன் பெட்டி. பாட்டு ஓடியது.

"ம்ஹூம்" என்றார் மாப்பிள்ளை. "தகரம். வயலின் சுவத்துல ஒட்டிக்கிச்சு. மாத்துங்க பெரியம்மா."

முக்காலிக்கும் திருகுக்கும் நடுவே எட்டிப் பிடிக்கிற தூரம். எழுந்தால் முழங்காலில் கத்தி குத்தும். நான் எழுந்திருக்கவில்லை. "மாத்திட்டேன்" என்றேன்.

அதே பாட்டு. அதே பெட்டி.

"ஆஹா!" ஒரு நீண்ட பெருமூச்சு. "பாத்தியா? இதான். கதவு திறந்தாப்ல இருக்கு. வெல்வெட்! மறுபடி மாத்துங்க."

"மாத்திட்டேன்."

"சே, திரும்பத் தகரம்."

இப்படிப் பதினாறு தடவை. என் கை மடியை விட்டு அசையவே இல்லை. பதினாறு தடவையும் அவருக்கு வானமும் பூமியுமாக வித்தியாசம் தெரிந்தது. கடைசியில், "முதல் பெட்டி அஞ்சு மார்க். ரெண்டாவது ஒன்பது" என்று தீர்ப்பு. என் தங்கை மகள் சீட்டைப் பிரித்தாள். முதல் பெட்டி நம்மவன் பெட்டி.

"முதல் நொடியே தெரிஞ்சுபோச்சு" என்றார் மாப்பிள்ளை வருத்தமாக. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதோட இன்னும் ரெண்டு மார்க் குறைக்கணும்."

"ஏன் குறைக்கணும்?" என்றாள் அவள்.

"சொந்தக்காரன் இல்லையா? எனக்குத் தெரியாமலே ரெண்டு மார்க் கூடப் போட்டிருப்பேன். குறைச்சாத்தான் நியாயம். மூணு."

"அப்ப வெளிநாட்டுப் பெட்டி? அதை அவங்க சும்மாதானே அனுப்பினாங்க?"

"சும்மா வந்ததுன்னாலே எனக்குள்ள ஒரு இளக்காரம் இருந்திருக்கும். அதைச் சரிக்கட்ட ஒண்ணு கூட்டணும். பத்து."

மூன்று என்றதும் எனக்கு அந்த ஸ்டூல்தான் கண் முன்னால் வந்தது. போர்வையை விலக்கினேன். "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நான் திருகவே இல்ல. முழங்கால் வலி. ஆரம்பத்துலேர்ந்து பாடினது ஒரே பெட்டிதான். நம்ம பையன் பெட்டி."

ஃபிரிட்ஜ் நின்றிருந்ததால் அந்த அமைதி நன்றாகவே கேட்டது. இருட்டு நல்ல கறுப்பாக இருந்தது என்று வேண்டுமானாலும் சொல்லலாம்.

மாப்பிள்ளை வந்து திருகைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "அப்ப அதே பெட்டிக்கு ஒரு தடவை அஞ்சு, ஒரு தடவை ஒன்பது. சராசரி ஏழு. சொந்தக்காரனுக்கு ரெண்டு கழிச்சா..."

"அஞ்சு" என்றாள் என் தங்கை மகள். போனை இன்னும் இறக்கவில்லை. "இதையும் சேத்துத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். முழு வீடியோவை நீங்க போடறீங்களா, நான் போடட்டுமா?"

"சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். அவன் பதினோரு வருஷம் உக்காந்த ஸ்டூல்ல திரும்பவும் உக்காரக் கூடாது. என் புடவைத் தட்டுல அஞ்சு ஆம்ப் உக்காந்திருக்கிறதை நான் பொறுத்துக்கிட்டேன். இதைப் பொறுக்க மாட்டேன்."

மறுநாள் மாப்பிள்ளை சோதனை எதுவும் வைக்கவில்லை. மின்விசிறி தாராளமாகச் சுற்றியது. அதற்கு மறுநாள் காலையில் அவரே அந்த வீடியோவை ஒரு வெட்டும் வெட்டாமல் போட்டார். அந்த ஒருநாளில் அவர் மனசு பட்ட பாடு எனக்குத் தெரியும். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, பாட்டு எதுவும் போடாமல், சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது.

அது நாலு நாள் நீடித்தது. சிரித்தார்கள், சிரிக்க வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். ஐந்தாம் நாளிலிருந்து அவர் வீடியோ இப்படித் தொடங்கியது: "தன் தப்பைத் தானே வெளியில போட்ட ஒரே விமர்சகன் நான்தான்." பார்க்கிற கூட்டம் இரண்டு மடங்கு.

கடைக்காரர் என் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, "யார் செஞ்சதுன்னு தெரியாதப்ப ஒன்பது வாங்கின பெட்டி. எனக்கு அது போதும்" என்றாராம். நூறு பெட்டி. அவன் எனக்குப் போன் போட்டு மூக்கை உறிஞ்சினான். "தண்ணி குடிச்சியாடா?" என்று கேட்டேன்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் திருகாததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று எழுதினேனே, நம்பினீர்களா? எட்டிப் பிடிக்கிற தூரம்தான் என்று நானே எழுதியிருக்கிறேன். எதைப் புகழ்ந்தாலும் எங்கள் பையன் பெட்டிதானே புகழப்படும் என்று நான் கணக்குப் போட்டிருக்க மாட்டேனா? கண்ணில் கட்டோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கிற வயசானவளுக்கு எந்தப் பக்கமும் இருக்காது என்று நீங்களாகவே ஒன்பது மார்க் போட்டுவிட்டீர்கள். மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் மெதுவாகவே சிரியுங்கள்.

அவர் இப்போதும் அதே வீட்டில், அதே அறையில், அதே நாற்காலியில்தான் இருக்கிறார். திருகுவதற்கு ஒரு மெஷின் வாங்கிவிட்டார். புடவைத் தட்டு காலியாகிவிட்டது. என் அண்ணன் மகனுடைய பெட்டி மட்டும் அவர் மேஜையில் இருக்கிறது, நீண்டகாலச் சோதனையில்.