நான் தள்ளிவிட்ட பஸ்

"நீங்க ஏன் எப்பவும் அந்த ஒரே ரூட்டையே ஓட்டுறீங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்டவர் ஷாலினி, நான் நேரில் பார்த்தே இராத ஒரு பெண். அது போன் வழியாக வந்து விழுந்த இடம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தம். அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என் மாமியார், ஒரு டிரைவர், சுமார் இருபது பயணிகள். இதற்குள்ளேயே விஷயம் விபரீதம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள். ஆலங்காயத்தில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். இப்போது இரண்டு வயது மகளுக்குத் தாய். அந்த மகள் மித்ரா மதியம் இரண்டு மணிக்குத் தூங்கியதும் நான் போனில் பஸ் ஓட்டுகிறேன். (பாத்திரம் கழுவிய பிறகுதான். அதில் நேர்மையாக இருக்கிறேன்.)

அந்த விளையாட்டில் பஸ், சாலை, பயணிகள் எல்லாம் உண்டு. நாமே சாலையை வரைந்து நிறுத்தங்களுக்குப் பெயரும் வைக்கலாம். மற்றவர்கள் பெரிய பெரிய நகரங்களை வரைகிறார்கள். நான் காவலூருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் வரை மலைப்பாதையை வளைவு வளைவாக வரைந்தேன். பதினொரு மதியங்கள் ஆயின. என் பிறந்த வீடு ஆலங்காயத்தில் இருக்கிறது.

நிஜ பஸ்ஸில் அது ஒரு மணி நேரப் பயணம். ஆனாலும் நான் அங்கே போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசியாகப் போனபோது மூன்று வளைவுகளில் மித்ரா வாந்தி எடுத்தாள், அடுத்த நாளே காய்ச்சல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் அவரை நம்பினேன். நம்பிக்கொண்டே பயந்தேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையில் துணி அடுக்குவேன். மித்ரா ஒரு தும்மல் போடுவாள். அல்லது மேகம் கறுக்கும். மேகம் கறுக்காவிட்டால், இவ்வளவு வெயிலில் குழந்தையைக் கொண்டுபோகலாமா என்று தோன்றும். துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைப்பேன். அம்மா இங்கே வரலாம் என்றால் அவளுக்கு மூட்டு வலி, பஸ் படி ஏற முடியாது. "அடுத்த வாரம் வாம்மா" என்பாள் போனில். அவள் குறை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ஷாலினிக்கு வருகிறேன். போன் விளையாட்டுப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் ஞாயிறுதோறும், இந்த வாரம் என்ன விளையாடுகிறீர்கள் என்று ஒரு பேச்சு நடக்கும். ஷாலினிதான் நடத்துவார். பேசுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள். எந்தத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கிறது என்று ஒரு மணி நேரம் அலசுவார்கள். நான் பதிவை இறக்கி வைத்துக்கொண்டு, புளி கொட்டை நீக்கும்போது கேட்பேன். ஒருநாள் துணிந்து என் பஸ்ஸைப் பற்றி ஒரு நீண்ட கருத்து எழுதினேன். மலையில் இறங்கும்போது பிரேக் கருகும் வாடையே இல்லை, வளைவில் எதிர்வண்டி ஹாரன் அடிப்பதில்லை, இத்தனை வளைவுக்கும் ஒரு பயணிகூட வாந்தி எடுக்கவில்லை, இதைத்தான் நம்பவே முடியவில்லை என்று. ரூட்டின் படத்தையும் இணைத்திருந்தேன். நிறையப் பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு நேரலையில் வந்து பத்து நிமிடம் பேச முடியுமா என்று ஷாலினி கேட்டார்.

மித்ரா பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. குழம்பில் உப்பு போதுமா என்றுகூட நான்தான் மற்றவர்களைக் கேட்கிறேன். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 'தங்கள் அழைப்புக்கு நன்றி' என்று பள்ளி ஆண்டுவிழாக் கடிதம்போல் பதில் எழுதினேன்.

சிக்கல் சிக்னலில் இருந்தது. பக்கத்துக் காவலூர் வானாய்வு மையத்தில் உட்கார்ந்துகொண்டு வானத்தில் எங்கோ இருக்கிற நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் ஆலங்காயத்துக்குப் பேச முடியாது. ஊரில் ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில். மரத்தடியில் அல்ல, மரத்தில். தலைக்கு மேலே ஒரு கிளையில் யாரோ ஒரு மஞ்சள் பையை நிரந்தரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, அண்ணாந்து பேச வேண்டும். மற்றவர்கள் மரியாதையாகச் சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். முகம் மட்டும்தான் திரும்பும், காது திரும்பாது. எங்கள் ஊரில் யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பது இப்படித்தான் எல்லாருக்கும் தெரியும்.

அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றேன். "வேலைக்கா?" என்றார். எனக்கு இருமல் வந்தது. (நிஜ இருமல்தான். ஆனால் இருமி முடித்த பிறகு மறுத்திருக்கலாம்.) சாமை விதைத்து, களை எடுத்து, புளி உலுக்கி நாளைக் கழிக்கும் ஒரு வீட்டில், கேம் பற்றிக் கருத்துச் சொல்லப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அன்று மாலைக்குள் மருமகளுக்கு இன்டர்வியூ என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் போய்விட்டார். அத்தை என்னைப் பட்டுப்புடவை கட்டச் சொன்னார். குரல் மட்டும்தான் கேட்கும் என்றேன். "கட்டிக்கினா குரல்லயே தெரியும்" என்று விபூதியும் வைத்துவிட்டு, மித்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

போனைப் பையில் வைத்தேன். ஷாலினி வணக்கம் சொன்ன அதே நேரத்தில் ஆலங்காயம் போகும் மினி பஸ் வந்து மரத்தடியில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் கோவிந்தன் அண்ணன் ஒரு வாரமாக டீ குடிக்கும்போதுகூட இன்ஜினை நிறுத்துவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அத்தைக்கு அது தெரியாது. நேராக அவரிடம் போனார்.

"மருமவளுக்கு இன்டர்வியூ நடக்குது கோவிந்தா. வண்டிய கொஞ்ச நேரம் நிறுத்து."

அவர் தயங்கினார். பயணிகள் எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு பெண்ணின் எதிர்காலம் ஆயிற்றே. சாவியைத் திருப்பினார். மலையே அமைதியானது.

அந்த அமைதியில் நான் அண்ணாந்து பார்த்து, பிரேக்கைப் பற்றியும் கியரைப் பற்றியும் தெளிவாகப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். சாலையைப் பார்த்து நின்ற முதுகுகளில் ஒரு குழப்பம் பரவுவது தெரிந்தது. இன்டர்வியூ எந்த டிப்போவுக்கு என்று யோசித்திருப்பார்கள்.

"இந்த கேம்ல உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்றார் ஷாலினி.

"கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கிடறாங்க. டிரைவர் மட்டும் இறங்க முடியாது. கதவு பயணிகளுக்கு மட்டும்தான் திறக்குது. நான் தினமும் அங்க வரைக்கும் போறேன். அப்பறம் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துடறேன்."

"நீங்க அனுப்பின படத்துல கடைசி ஸ்டாப் பேரு 'அம்மா வீடு'ன்னு இருக்கே. வேற ரூட் எதுவும் நீங்க ஓட்டுனதே இல்ல போல. நீங்க ஏன் எப்பவும் அந்த ஒரே ரூட்டையே ஓட்டுறீங்க?"

நான் மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை வந்தால் அதோடு அழுகையும் வந்துவிடும் போலிருந்தது. பட்டுப்புடவையில், பஸ் நிறுத்தத்தில், இன்டர்வியூ நடுவே அழுத பெண் என்று பேர் வாங்க வேண்டுமா?

என்னைக் காப்பாற்றியது கோவிந்தன் அண்ணன். அவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது. பையின் கீழே வந்து நின்று, மலை இறக்கத்தில் மூன்றாவது கியரில் வருகிறவனை வண்டியிலேயே உட்காரவிடக் கூடாது, அந்த கேம் செய்தவன் ஒருமுறை தன்னோடு ஆலங்காயம் வரட்டும் என்று ஷாலினிக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். பயணிகளும் திரும்பிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கருத்து. வாந்தி எடுக்காத பயணியை யாரும் ஏற்கவில்லை.

அத்தை என் அருகே வந்தார். "அப்ப இது வேலைக்கி இல்லியா?"

"இல்ல அத்த."

"அம்மா வூடுன்னா, நம்ம சம்பந்தி வூடா?"

தலையாட்டினேன். அவர், வெயிலாக இருக்கிறது என்று குழந்தையோடு பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அது கோபமா, இரக்கமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு கோவிந்தன் அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை கனைத்து அடங்கியது. இன்ஜினை நிறுத்தாததன் காரணம் அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. பேட்டரி போய் ஒரு வாரமாம். சரிவு வரை தள்ளினால் கிளம்பிவிடும், ஆனால் இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் எங்காவது நின்றால் மறுபடி அணைந்துவிடும், அதனால் அடிவாரம் வரை எங்கும் நிறுத்த முடியாது என்றார். குழந்தை வைத்திருப்பவர்களும் வயதானவர்களும் உட்காரலாம், மற்றவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். குற்றவாளி நான் ஆயிற்றே. புடவையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாகப் பின்னால் போய்க் கை வைத்தேன்.

நன்றாகவே தள்ளினோம். சரிவு வந்தது, வண்டி உதறியது, புகை என் முகத்தில் அடித்தது. தள்ளியவர்கள் எல்லாரும் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டார்கள், பழக்கமானவர்கள். நான் பட்டுப்புடவையோடு நாலு எட்டு ஓடினேன். ஐந்தாவது எட்டில் செருப்பு அறுந்தது. என் மகளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பஸ் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. பின் கண்ணாடி வழியாக மித்ரா எனக்கு டாட்டா காட்டினாள்.

ஒற்றைச் செருப்போடு மரத்துக்குத் திரும்பினேன். பைக்குள்ளிருந்து ஷாலினியின் குரல் வந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? கிராபிக்ஸ் எப்படின்னு தெரியல, ஆனா சவுண்ட் எஃபெக்ட் அபாரம். எல்லாரும் கேம் பேரு கேக்கறாங்க."

அன்று முழுதும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயிருந்துதான் ஆலங்காயத்துக்குப் பேச முடியும். மித்ரா சேர்ந்துவிட்டாளா, தூங்கினாளா, தண்ணீரைக் கொதிக்கவைத்தீர்களா என்று ஒன்பது தடவை அழைத்தேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் அம்மா வீட்டுச் சத்தங்கள் கேட்டன. குக்கர் விசில், பக்கத்துத் தெருப் பூக்காரர், முற்றத்துக் குழாய். அந்தக் குழாயை யாரும் இறுக்கி மூடுவதே இல்லை.

சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பினார்கள். அத்தை வெற்றிலை போட்டிருந்தார். குழந்தை ஒரு தபாகூட வாந்தி எடுக்கவில்லை, வழியெல்லாம் பாட்டுதான் என்றார். அப்புறம் ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தார். மூடியில் காம்பஸ் முனையால் 'வினோ' என்று என் பெயர் கீறியிருந்தது, நான் ஏழாவது படிக்கும்போது கீறியது. உள்ளே கோழிக் குழம்பு. இன்னும் சூடு இருந்தது.

"உங்கம்மா வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. வினோ எங்கன்னு கேட்டாங்க. பஸ்ஸத் தள்ளிக்கினு இருக்கான்னு சொன்னேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம நீ போ. நான் தள்றேன்" என்றார்.

போனேன். மித்ரா எல்லா வளைவிலும் வாந்தி எடுத்தாள், ஒன்று கோவிந்தன் அண்ணனின் துண்டில். அம்மா வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன். அதில் பாதியைத் திரும்பும் பஸ் போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே செலவழித்தேன். அம்மா பேசியதில் பாதி எனக்கு நினைவில்லை. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மித்ரா தூங்கியதும் போனை எடுத்தேன். மறுபடி அதே ரூட். போய்விட்டு வந்த பிறகும் ஏன்?

இப்போது எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் என் கணவர், "நீ தள்ளு வினோ, நாங்க போய்ட்டு வர்றோம்" என்பார். கோவிந்தன் அண்ணன் என்னைப் பார்த்தால், "இன்னாம்மா, இன்னிக்கு ஓட்ட வர்றியா, தள்ள வர்றியா?" என்று கேட்காமல் டிக்கெட் கொடுக்கச் சொல்வதில்லை. மித்ராவுக்கே அந்தக் கதை தெரியும். டாட்டா காட்டும் இடத்தை அவள்தான் நடித்துக் காட்டுவாள்.

போன வாரம் ஷாலினி ஒரு செய்தி அனுப்பினார். அந்த விளையாட்டில் புதுப்பிப்பு வந்திருக்கிறதாம். இனி கடைசி நிறுத்தத்தில் டிரைவரும் கதவைத் திறந்து இறங்கி நடக்கலாமாம். ஆனால் புதுப்பித்தால் நாமே வரைந்த பழைய ரூட்டுகள் அழிந்தாலும் அழியலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அழியாமல் இருந்தாலும் இன்னொரு கவலை. நான் வரைந்தது சாலையை மட்டும்தான். 'அம்மா வீடு' என்ற பலகைக்குப் பின்னால் வீடு கிடையாது. வெறும் மண்நிறத் தரை. இறங்கி நான் எங்கே போவேன்?

ஏழு நாளாக அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்களில் யாராவது அதை அழுத்தியிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ரூட் தங்குகிறதா? இறங்கிப் பார்த்தால் அங்கே ஏதாவது இருக்கிறதா? நான் அழுத்தலாமா, வேண்டாமா?