மண்ணீரல் இல்லாதவனின் கேரம் ஃபைனல்

அந்தச் சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். காய்ச்சலிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டது.

நாலு மணிக்கு மாட்டுங்கா கிளப்பில் கேரம் ஃபைனல். ஆறு வருஷம் முதல் சுற்றிலேயே தோற்று, ஏழாவது வருஷம் ஃபைனலுக்கு வந்திருந்தேன். எதிராளி என் சிநேகிதர் அப்துல் ரவூப், தாராவியில் தோல் கடை வைத்திருப்பவர். விடலாமா?

விடத்தான் வேண்டும் என்பது டாக்டர் திருவேங்கடத்தின் கட்சி. போன வருஷம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து வீரமாகக் குதித்தேன். நான் பிழைத்தேன், என் மண்ணீரல் பிழைக்கவில்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் என்னையும் என் மனைவி ஷ்யாமளாவையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“மண்ணீரல் ரத்தத்துக்குக் கூர்க்கா மாதிரி. கிருமி வந்தா பிடிச்சு நிறுத்தும். வானமாமலை, உமக்கு இனிமே கூர்க்கா கிடையாது. மத்தவாளுக்கு மூணு நாள் கஷாயத்துல போற காய்ச்சல் உம்மை ஒரே நாள்ல கொண்டுபோயிடும். குளிர் அடிச்சா ஒரு நிமிஷம் உட்காரப்படாது. நேரே இங்கே வரணும். புரிஞ்சுதா?”

நான் “புரிஞ்சுது” என்றேன். ஷ்யாமளா ஒரு வார்த்தை விடாமல் திருப்பி ஒப்பித்தாள்.

இப்போது அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“கண்ணு ஏன் சிவந்திருக்கு?”

“வெங்காயம்.”

“இன்னிக்கு ஏகாதசி. ஆத்துல வெங்காயமே கிடையாது.”

“பக்கத்தாத்து வெங்காயம்டி. காத்துல வந்தது.”

“தெர்மாமீட்டரை எடுத்துண்டு வரேன். அசையாம இருங்கோ.”

அவள் அலமாரிப் பக்கம் திரும்பியதும் நான் பானைப் பக்கம் பாய்ந்தேன். ஜில்லென்ற தண்ணீரை வாய் நிறைய அடக்கிக்கொண்டு, அவள் காலடிச் சத்தம் கேட்டதும் விழுங்கிவிட்டு, சாதுவாக வாயைத் திறந்தேன். தொண்ணூற்றேழு!

“பார்த்தியா? உன்னைவிட நான் குளுமையா இருக்கேன்!”

“ஆமாம்” என்றாள். “சரி, கிளம்புங்கோ. நானும் வரேன்.”

“எங்கே?”

“ஃபைனலுக்குத்தான். ஜெயிக்கப்போறேள், நான் பார்க்க வேண்டாமா?”

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் கேரம் ஆடுவதை அவள் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கைக்கு போன் பண்ண வேண்டும் என்று கீழே இரானி டீக்கடைக்குப் போய் வந்தாள். கால் மணியில் வாசலில் டாக்ஸி. உள்ளே ரவூப்.

“ஏறும் வே! இடத்தை மாத்திட்டானுவ. கிளப்புல கல்யாணமாம். பரேல்ல பெரிய ஹாலு.”

ஏறினேன். ஷ்யாமளா மடியில் ஒரு பெரிய பை.

“அதுல என்னடி?”

“ஜெயிச்சா வேண்டியதெல்லாம்.”

வழியெல்லாம் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. டாக்ஸியின் ஆட்டம் என்று சொன்னேன். டாக்ஸி சிக்னலில் நின்றிருந்தது.

பரேலில் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தோம்.

“ரவூப், இது ஆஸ்பத்திரின்னா!”

“ஹாலு உள்ளார இருக்கு வே.”

இருந்தது. நீளமான ஹால். இரண்டு பக்கமும் கட்டில். நடுவில் டாக்டர் திருவேங்கடம், கையில் ஊசியுடன். ஷ்யாமளா பையைத் திறந்தாள். துண்டு, சொம்பு, மாற்று வேஷ்டி, என் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள்.

“பாவி! தொண்ணூத்தேழுன்னு நீயே பார்த்தியேடி!”

“தெர்மாமீட்டர் தொண்ணூத்தேழுன்னுது. உங்க பல்லு அதுமேல டகடகன்னு அடிச்சுண்டே இருந்தது. நான் எதை நம்பறது?”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா ஃபைனலுக்கு ஓடியிருப்பேள். துரத்திண்டு வர எனக்கேது நேரம்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

விழித்தபோது திங்கட்கிழமை. கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்ததாம். நாலு மணிக்கு ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருந்தால், ராத்திரி என்னை நாலு பேர் தொட்டுத் தூக்கியிருப்பார்கள் என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பென்சிலின் வேலை செய்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்றார். ஷ்யாமளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உயிரோடு இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது! அழுது முடித்த பிறகு அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அதுகூடக் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

ரவூப் சாத்துக்குடியோடு வந்தார்.

“கோப்பை உமக்குத்தானே?” என்றேன்.

“ஆளில்லாத போர்டுல ஜெயிச்சு என்ன வே பண்ண? நீரு தேறி வந்த பெறவுதான் ஃபைனல்னு கமிட்டியில சொல்லிட்டேன்.”

மனுஷன் என்றால் அவர் மனுஷன்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் மறுபடி உட்காரச் சொன்னார். பாடம் கேட்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

“அம்மா, மண்ணீரல் எடுத்தவா இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கா. நான் சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்லே. மாசம் ஒரு தடவை நீங்க வந்து எடுத்துச் சொல்லணும்.”

“பேஷா வரேன்” என்றாள் ஷ்யாமளா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நானும் வரட்டுமா, டாக்டர்?” என்று கேட்டேன்.

“நீர் இல்லாமலா? அம்மா ‘சொன்ன பேச்சு கேக்கலேன்னா’ன்னு ஆரம்பிக்கறச்சே, நீர் எழுந்து நின்னா போதும்.”