அவசரமும் அசையாத விசையும்

அவரைப்போல் இன்னொருவர் இருந்திருந்தால் கொல்லிமலை என்றைக்கோ கிளம்பிச் சேலத்துக்குப் போயிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த மலையின் வளப்பூர் நாட்டுக் காப்பித் தோட்டமொன்றில் நான் கணக்கு எழுதியபோது, அவர் அங்கே மேஸ்திரி. சொந்தப் பெயர் ஏதோ உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் அடுத்த சரிவில் இருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் 'அவசரம்'.

அப்படிப்பட்டவருக்குப் பயிர்க் காவலுக்கு வாய்த்ததோ முதலாளியின் பழைய ரைஃபிள். சின்னத் தோட்டா போடுவது. விசையை இழுப்பது மட்டும் ஆழக்கிணற்றில் தண்ணீர் சேந்துகிற வேலை. வெடிப்பதற்குள் குழல் வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

பக்கத்துக் காட்டுக்காரர் பெரியண்ணன் ஒருநாள் வந்து நின்றார். அவருடைய நிலத்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கை முள்ளம்பன்றிகள் தோண்டித் தின்றுகொண்டிருந்தன.

"ஏனுங்க மேஸ்திரி, நீங்க சுடச் சுட என்ற மரத்துப் பலாக்காய்தானுங்க கீழ உழுகுது. பன்னி நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போகுதுங்க. வருசம் பூரா நாங்க என்னத்தைத் தின்கறது?"

அவசரத்துக்குச் சுருக்கென்றது. உடனே துப்பாக்கியைக் கழற்றிச் சாக்கில் பரப்பினார். உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். விசை கொக்கிபோட்டு நிற்கிற விளிம்பு சொரசொரப்பாக இருந்ததாம், சாணைக்கல்லில் தேய்த்தார். "இன்னும் ரெண்டே இழுப்பு!" என்று தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பூட்டி, தோட்டா போட்டு, வாசலுக்கு வருவதற்குள் ஒரு தும்மல் போட்டார். டப்! தேய்ந்த விளிம்பு நழுவி வெடித்ததில் சமையற்கட்டு ஓடு பொத்தலாகி, வெளியே பெய்துகொண்டிருந்த மழைத்தண்ணீர் நேராக ரசச்சட்டியில் சொட்டியது.

சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "ஏனுங்க, ரசத்துக்குத் தண்ணி பத்தலைன்னு நான் சொன்னனுங்களா?"

அவசரம் சிரிக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது. மறுநாளே அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, பட்டறையில் தேய்ந்துபோன அந்தக் கொக்கித் துண்டைப் புதிதாகச் செய்துகொண்டு மலையேறினார். இம்முறை இரண்டு தடவை தேய்ப்பார், தோட்டா இல்லாமல் பூட்டுவார், துப்பாக்கிக் கட்டையைத் தரையில் குத்திப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். கால் மட்டும் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் விசை இதமாக இழுபட்டது, குத்தினாலும் நழுவவில்லை.

அன்று பொழுது சாயும்போது அவரும் நானும் பெரியண்ணனின் கிழங்குக் காட்டுக்குப் போனோம். கிழங்குச் செடிகள் அசைந்தன. அவசரம் குறிவைத்தார். விரல் விசைமேல் போகவில்லை.

"இரு கண்ணு," என்றார் என்னிடம். "என்னன்னு தெரியட்டும்."

இலைகளை விலக்கிக்கொண்டு எழுந்தவர் பெரியண்ணன்!

"உங்களை நம்பி ஆவறதில்லைன்னு, மிச்சத்தை நானே புடுங்கலாம்னு வந்தனுங்க..." என்றவர், துப்பாக்கியைப் பார்த்ததும் கிழங்கோடு கையைத் தூக்கிவிட்டார்.

அவசரம் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்குத் திரும்பும்வரை மழை, மிளகு, ஓடு என்று வாய் ஓயாமல் பேசினார். மற்ற நாளாக இருந்தால் காதைப் பொத்தியிருப்பேன். அன்றைக்கு, அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.