முதலாம் புகார்ப்பிரிவு மகாராணியாரின் கணவர் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாட்சிமை தாங்கிய மகாராணியாரும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலி, இரத்த அழுத்தம், பக்கத்து வீட்டுக்காரரோடு மதில் தகராறு ஆகிய மூன்றும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போன அக்கா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் எங்களுக்கு மிகுந்த சந்தோஷம்.

நிற்க. நேற்று நீங்கள் போன் செய்தீர்கள். "மாப்ளே, அவ திரும்பி வர்ற வரைக்கும் தங்கச்சிய இங்க அனுப்பி வைங்க. ஆறு மாசம் சமைச்சுப் போட்டா போதும். அவ வீட்ல சும்மாதானே இருக்கா" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, வச்சிடறேன்" என்று வைத்தும் விட்டீர்கள். கல்யாணமான நாள் முதலாக உங்களிடம் போனில் நான் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்ததில்லை. அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. மச்சான், உங்கள் தங்கை சும்மா இல்லை. அவள் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறாள். எனக்கு மூளையும் குழம்பவில்லை, நான் எதையும் குடித்துவிட்டும் எழுதவில்லை. தயவுசெய்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு மீதியைப் படிக்கவும்.

இன்டர்நெட்டில் ஒரு நாடு இருக்கிறது. நிலம் நீர் எதுவும் கிடையாது. ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் தமிழ் பேசுகிறவர்கள் நாலாயிரம் பேர் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் மலை வைத்தார்கள், ஆறு வைத்தார்கள், சட்டம் எழுதினார்கள், கொடி வரைந்தார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்களாம். இப்போது அதை விளையாட்டு என்று சொல்லிப் பாருங்கள், கடித்துக் குதறிவிடுவார்கள். ராஜா உண்டு, மந்திரிகள் உண்டு, நீதிமன்றம், படை எல்லாம் உண்டு. இந்த நாட்டுக்கு உங்கள் தங்கை போனது வாஷிங் மெஷினைச் சாக்காக வைத்து. நீங்களே அறிவீர்கள், அவள் வேலை பார்த்தது குடிநீர் ஆபீசில் புகார்ப்பிரிவில். பணி ஓய்வு பெற்று வந்ததிலிருந்து வீட்டில் போன் அடிக்காதா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தப்பான நம்பருக்கு யாராவது போட்டுவிட்டால்கூட விடமாட்டாள், அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள். அப்படி இருக்கும்போது ஒரு நாள் வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் புகார் கொடுக்கிறேன் என்று போனில் எதையோ தேடி, எதையோ அமுக்கி, அந்த நாட்டின் குறைதீர் மண்டபத்துக்குள் போய் விழுந்துவிட்டாள். அங்கே இருந்த ராஜா யாரோடோ முறைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தார். பதில் போடாத மனுக்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. நிலுவை என்ற வார்த்தையைக் கண்ணால் பார்த்துவிட்டால் உங்கள் தங்கைக்குச் சாப்பாடு இறங்குமா? உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தருக்கும் பதில் போட ஆரம்பித்தாள். பெயர் கேட்கிற கட்டத்தில், ஆயுசு முழுக்கப் போனை எடுத்ததும் எதைச் சொல்வாளோ அதையே அடித்தாள்: புகார்ப்பிரிவு. மெஷினுக்குள் என் சட்டைகள் ஊறியபடியே கிடந்தன.

அங்கே நடந்துகொண்டிருந்தது அரியணைக்கான போட்டி என்பது அவளுக்குத் தெரியாது. யார் அதிகம் குறைகளைக் கேட்டுத் தீர்க்கிறாரோ அவருக்கு முடி என்று விதியாம். மற்ற வேட்பாளர்கள் எல்லாம் வீரவசனம் பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் "உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது, கோபப்படாமல் விவரமாகச் சொல்லுங்கள்" என்று எழுதிக்கொண்டிருந்தாள். முடிவு அறிவித்தபோது தலைகால் புரியாமல் என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்களேன், வாஷிங் மெஷின் கம்பெனிக்காரங்க என்னை ராணியாக்கிட்டாங்க." முடிசூட்டு விழா அன்று மாலையே என்று யாரும் சொல்லவில்லை. அவளோ தலைக்குச் சாயம் பூசி, அது ஊறுவதற்குப் பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமிரா திறந்துகொண்டது. நாலாயிரம் பேரும் எழுந்து நின்று வாழ்த்திசை பாடினார்கள். அந்த உறையை அவர்கள் ஏதோ பரம்பரை மகுடம் என்று நினைத்துவிட்டார்கள். இன்று அந்த நாட்டின் தபால்தலையில், கொடியில், நீதிமன்ற முத்திரையில் எல்லாம் அதே உறை. முதலாம் புகார்ப்பிரிவு மகாராணி என்றால் அங்கே நடுங்காதவன் கிடையாது.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லவேண்டும். சாப்பாட்டு மேசையின் வலது பாதி அரசவை. இடது பாதியில்தான் நான் சாப்பிட வேண்டும், சூப்பை உறிஞ்சும் சத்தம் தர்பாருக்குக் கேட்கக் கூடாது. நிதி மந்திரி ஒரு பல் டாக்டர். நோயாளியின் வாயைப் பிளந்து வைத்துவிட்டு "அவசரக் கோப்பு, மகாராணி" என்று வந்து நிற்பார், பின்னால் அந்தப் பாவப்பட்ட மனுஷன் ஆ ஆ என்பது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். படைத்தளபதி ஒரு கடையில் கல்லாவில் உட்காருகிற அம்மா. கூட்டம் குறைந்தால் எல்லையைக் காப்பார். ராணியின் கணவனுக்கு அங்கே பதவி எதுவும் கிடையாது. காலம் முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் ஆயிற்றே, அரண்மனை லிப்ட்டுக்காவது பொறுப்பாளனாகப் போடுங்கள் என்று முறைப்படி மனுப் போட்டேன். அரண்மனைக்கு ஒரே மாடிதான், வேலை காலி இல்லை என்று பதில் வந்தது. எழுதியது யார் என்கிறீர்கள்? மேசையின் வலது பாதியில் இருந்து அவளேதான். கையெழுத்து, முத்திரை, அதில் அந்தத் தலையுறை எல்லாம் சரியாக இருந்தது.

நான் ஜெயிலுக்குப் போன கதையை வேறு யாராவது உங்களிடம் திரித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் தர்பாரில் வாயைத் திறக்குமுன் மூன்று வரி வணக்கம் எழுத வேண்டும், அதன் பிறகுதான் விஷயம். ஒரு நாள் நான் குளித்து முடித்துப் பார்க்கிறேன், துண்டு இல்லை. கூப்பிட்டேன், கத்தினேன், கதவைத் தட்டினேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மந்திரிசபையில் இருக்கிறாள். நல்லவேளை போன் கையோடு இருந்தது. நேராகத் தர்பாருக்குள் போய், "அடியே, துண்டு எங்கடி?" என்று எழுதிவிட்டேன். பல் டாக்டர் கையில் இருந்த கருவியை நழுவவிட்டாராம். தளபதியம்மா கல்லாவை மூடிவிட்டு வந்து என்னைக் கைது செய்தார். ராஜ அவமதிப்பு! ராணியின் கணவர் என்பதால் மன்னித்துவிடலாமே என்று சில பேர் இழுத்தார்கள். உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து வந்து துண்டைக் குளியலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள், திரும்பிப் போய் உட்கார்ந்து, "ஊருக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம்னு இருந்தா அப்புறம் இது என்ன நாடு? ஒரு வாரம் உள்ள இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஒரு வாரம் என் பெயருக்கு முன்னால் கம்பி போட்டு வைத்திருந்தார்கள். மச்சான், கூனிக்குறுகிப் போயிருப்பேன் என்று நினைத்தீர்களா? லிப்ட் ஆபீஸ் பழைய கூட்டாளிகள் எல்லோருக்கும் அந்தக் கம்பியைப் படம் பிடித்து அனுப்பினேன். இப்படி ஒரு நீதி எவன் பெண்டாட்டியிடம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

இதைவிடப் பெரியது வடக்கு மாகாணத்துக் கலகம். இடிமுழக்கம் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் தனிநாடு கேட்டுக் கிளம்பினார். அரசாணையை எல்லாம் கண்டபடி திட்டி எழுதினார். அவருக்கு ஆதரவாக ஆளும் சேர்ந்தது. நாடு உடையப் போகிறது, இவளுடைய முடியும் போகப் போகிறது என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. படையை அனுப்பட்டுமா என்று தளபதியம்மா துடிக்கிறார். இவள் பட்டாணி உரித்துக்கொண்டே, "படையெல்லாம் இருக்கட்டும், முதல்ல அவர் நம்பரைக் கொடுங்க" என்றாள். போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் காட்டுக்கத்தல் கத்தினார். இவள் குறுக்கே பேசவே இல்லை. அவர் மூச்சு வாங்கியதும், "சரிங்க, இப்ப உங்களுக்கு என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க" என்றாள். ஆற்றின் மேல் ஒரு பாலம் வேண்டுமாம். வரைபடத்தில் இருக்கிற ஆற்றுக்கு! பழைய ராஜாவிடம் எத்தனையோ தடவை கேட்டும் பதிலே வரவில்லையாம். "யார் யார் அந்தப் பாலத்துல போவாங்க?" என்று கேட்டாள். கேள்வி கேட்காமல் எதையும் பதியமாட்டாளே. காட்டுக்கத்தல் கத்தியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு அவர் சொன்னார்: "யாரும் போக மாட்டாங்கம்மா. அந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான் வீடு வச்சிருக்கேன். நான் லாரி ஓட்டறவன், நாள் கணக்கா மனுஷங்க முகத்தையே பாக்கறதில்ல. அங்கயாவது யாராச்சும் என் வீட்டுக்கு வர ஒரு வழி இருந்தா நல்லாருக்கும்னு பாத்தேன்."

அன்றைக்கே பாலம் வரைந்தாயிற்று. திறப்பு விழாவில் குடிமக்கள் ஒவ்வொருவராக அதன் மேல் நடந்து அவர் வீட்டு வாசலுக்குப் போய் வணக்கம் சொன்னார்கள். லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒவ்வொருத்தரையும் "வாங்க, வாங்க" என்று அவர் வரவேற்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், மகாராணியார் உரித்த பட்டாணியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: ஆளுகிறவர் தொடர்ந்து ஏழு நாள் சபைக்கு வராவிட்டால் அரியணை பறிபோய்விடும். ஓடிப்போன ராஜாவை நினைத்து இவளே போட்ட சட்டம். உங்கள் வீட்டிலோ இன்டர்நெட் கிடையாது. குடும்பம் கெட்டுப்போகும் என்று ஒயர் இழுக்க வந்தவனை வாசலோடு துரத்தியவர் நீங்கள். செல்போன் சிக்னல் வேண்டும் என்றால் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே வந்து ஆறு மாதம் இருந்தால், எட்டாம் நாளே இவள் வெறும் தங்கச்சி. நாலாயிரம் பேரைப் பதில் இல்லாமல் விட்டுவிட்டு உங்களுக்குக் காபி போட அவளை அனுப்ப எனக்கு மனசு இல்லை. நேற்றிலிருந்து அவள் முகமே சரியில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அண்ணன் சொல்லை அவள் தட்டவே மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் அவள் சார்பில் நானே சொல்கிறேன்: வர முடியாது. முடியவே முடியாது. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு முட்டை அவிக்கத் தெரிந்தால் போதும், கற்றுக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், ஏற்கெனவே ஜெயிலைப் பார்த்தவன் நான்.

அக்காவுக்கும், உங்கள் மகளுக்கும், இனிமேல் பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கும் எங்கள் அன்பும் ஆசியும். தங்கள் முழங்கால் மாடிப்படி ஏறும் அளவுக்குச் சுகமாகட்டும். மதிலும் அவரவர் பக்கமே நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவனும், மகாராணியாரின் முன்னாள் கைதியுமான,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் தபால்தலை வாங்கப் போயிருந்த நேரத்தில் மகாராணியார் இதைப் படித்துவிட்டார். "என்னைக் கேக்காம என் சார்புல பேச உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? அண்ணன் சும்மாதானேன்னு சொன்னது எனக்கும்தான் கேட்டுச்சு. ஆனா அவர் சோத்துக்காகவா கூப்பிட்டார்? அண்ணி போனதுல இருந்து அந்த வீட்ல பேச ஒரு ஆள் இல்ல. அத வாய் விட்டுச் சொல்ல அவருக்கு வரல, அவ்வளவுதான்" என்றாள். பிறகு உங்களுக்கே போன் போட்டு, வந்தால் இன்டர்நெட்டோடுதான் வருவேன் என்று சொன்னாளாம். அதற்கு நீங்கள், "எத வேணும்னாலும் கொண்டு வாம்மா, நீ வந்தா போதும்" என்றீர்களாம். மச்சான், இதை நேற்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் இத்தனை பக்கம் மை செலவழித்திருப்பேனா? கிழித்துப்போடப் போனேன், விடவில்லை. "அனுப்புங்க, நான் யாருன்னு நானே சொன்னா அண்ணன் பீத்திக்கிறேன்னு சொல்வாரு" என்கிறாள். இன்று மதியம் அரசாணை வந்துவிட்டது. தலைநகரம் உங்கள் வீட்டு முன்னறைக்கு மாற்றப்படுகிறது. திங்கட்கிழமை ஒயர் இழுக்க ஆள் வருவார், இந்தத் தடவை கதவைத் திறந்து உள்ளே விடவும். செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மகாராணியாருக்கு வேலை அதிகம் என்பதால் அரண்மனைச் சமையலுக்கு இரண்டு பேரை நியமித்திருக்கிறார். ஒருவன் நான். மச்சான், உங்களுக்கு வெங்காயம் நறுக்க வருமா?